காப்பர் டி போடப் போகிறேன், வலியைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்

நிலாமுற்றம் | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது, ஊர் திருப்பூர். பையனுக்கு ஒன்றே கால் வயது, ஆபரேஷன் செய்துதான் பிறந்தான். போன மாதம் 9 நாள் தள்ளிப்போனது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கார்டு வாங்கி டெஸ்ட் செய்து, ஒரு கோடு மட்டும் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இன்னொரு குழந்தை இப்போது எங்களால் முடியாது. மாத்திரை 2 மாதம் போட்டுப் பார்த்தேன், ஷிப்ட் மாறும்போதெல்லாம் மறந்துவிடுகிறேன். டாக்டரம்மா காப்பர் டி போட்டுக்கொள்ளச் சொன்னார். தீட்டு வந்த நாலாம் நாள், ஐந்தாம் நாள் போல வா என்றார். கணக்குப்படி அது அடுத்த வாரம்.

அங்கே சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நாத்தனார் "அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும்" என்கிறார். கூட வேலை பார்க்கும் அக்கா "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்கிறார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள், உண்மையில் எவ்வளவு வலிக்கும்? சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? நார்மல் டெலிவரியே ஆகாததால் எனக்குக் கூடுதலாக வலிக்குமா? செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை, மறுநாள் போக முடியுமா?


கொடிமுல்லை | திங்கள், இரவு 11.15

நிலா, நான் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். முதல் தடவை, மூத்தவள் நார்மலாகப் பிறந்து 4 மாதம் இருக்கும். தீட்டு வலி அதிகமாக இருக்கிற நாளில் அடிவயிற்றைப் பிடித்து முறுக்குமே, அந்த மாதிரி மூன்று பிடி. ஒவ்வொன்றும் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. எறும்புக்கடி இல்லை. பிரசவ வலியும் இல்லை.

இரண்டாவது தடவை வெறும் வயிற்றோடு போய் 2 மணி நேரம் காத்திருந்தேன். போட்டு முடித்ததும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். காது அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, சுவரில் இருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. நர்ஸ் உடனே படுக்க வைத்து, காலுக்கடியில் தலையணையைக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அதனால் சொல்கிறேன், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. கூட ஒருவரைக் கூட்டிப் போ. ஸ்கூட்டியில் தனியாகப் போகாதே.


வெள்ளைப்புறா | செவ்வாய், காலை 6.05

நிலாமுற்றம், நான் ஸ்டாஃப் நர்ஸ். அரசு மருத்துவமனையில் குடும்பநலப் பிரிவில் மட்டும் 17 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாததால்தான் பாதி பயம் வருகிறது. நான் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பி.பி. பார்ப்பார்கள், தேவைப்பட்டால் யூரின் டெஸ்ட். அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். மேஜையில் முழங்காலை மடக்கிப் படுத்தவுடன், டாக்டர் இரண்டு விரலால் உள்ளே பரிசோதித்து, கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்று பார்ப்பார். இது முக்கியம். அது தெரியாமல் எதையும் உள்ளே விடக்கூடாது. பிறகு வாத்து அலகு மாதிரி இருக்கும் ஸ்பெகுலத்தை வைப்பார். சில்லென்று இருக்கும், ஓர் அழுத்தம் தெரியும், வலி என்று சொல்ல முடியாது. பழுப்பு நிற மருந்தால் துடைப்பார்கள்.

வலி இனிமேல்தான். கருப்பை வாய் அசையாமல் இருக்க, நுனியில் பல் வைத்த நீள இடுக்கியால் அதைப் பிடிப்பார்கள். அது ஒரு கிள்ளல். அந்த நொடியில் சில டாக்டர்கள் இருமச் சொல்வார்கள், இருமினால் கிள்ளல் குறைவாகத் தெரியும். அடுத்து மெல்லிய கம்பியை விட்டு உள் நீளத்தை அளப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டருக்குள் இருக்கும். கம்பி மேல் சுவரைத் தொடும்போது வயிற்றைப் பிடித்து இழுக்கும். மூன்றாவதாக, காப்பர் டி இருக்கிற குழாய். டியின் இரண்டு கையும் உள்ளே மடங்கி இருக்கும். அளந்த உயரம் வரை கொண்டுபோய்க் குழாயைப் பின்னால் இழுத்தால் கைகள் விரியும். அந்த நேரத்தில் இன்னொரு பிடி. பிறகு டியின் அடியில் தொங்கும் நூலை 3 சென்டிமீட்டர் போல விட்டு வெட்டிவிடுவார்கள். மேஜையில் படுத்து எழ 10 நிமிடம், அதில் வலி இருப்பது 2 நிமிடத்துக்குள். கருப்பை வாய் திறந்து பிரசவம் ஆகாதவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. தீட்டு நாளில் வரச் சொன்னது, கர்ப்பம் இல்லை என்பது அப்போது உறுதி என்பதற்காக.

வலி மாத்திரை: சாப்பிட்டுவிட்டு, போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மெஃபனாமிக் அமிலமோ இப்யூப்ரூஃபனோ போடலாம். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். இந்த மாத்திரை அந்த 2 நிமிடத்தைப் பெரிதாகக் குறைக்காது, அதற்குப் பிறகு அன்று முழுக்க வரும் பிடிப்பைத்தான் குறைக்கும். அந்த 2 நிமிடத்துக்கு என்றால் கருப்பை வாயில் மரத்துப்போகும் மருந்து, அதாவது லிக்னோகெய்ன். இதனால் வலி குறையலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2024ல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. நம் பக்கம் பல இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும், சில இடங்களில் கேட்டாலும் இருக்காது. ஆனாலும் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நெஞ்சுக்குப் போகாது. அதற்கு வழியே கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்குப் போடும்போது கருப்பைச் சுவரில் துளை விழலாம், அப்போது வயிற்றுக்குள் நகர்ந்தால் லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, எடுப்பார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆபரேஷன் ஆனதையும் சொல்லுங்கள். இரண்டுமே போடத் தடை இல்லை.


ஆத்தங்கரை | செவ்வாய், மதியம் 1.30

வெள்ளைப்புறா அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்ல வந்தது வேறு.

எனக்கு முதல் தடவை ஒரு தனியார் கிளினிக்கில் போட்டார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பி உள்ளே போனதும் "அம்மா" என்று கத்திவிட்டேன். நிறுத்துங்கள் என்றேன். "பிள்ளை பெத்தவதானே, இதுக்கே இப்படியா" என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்தார்கள். ஆயாம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார். வலி அன்று சாயங்காலமே போய்விட்டது. அந்தக் கை முழங்காலில் இருந்தது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. ஐந்தே வாரத்தில் போய் எடுத்துவிட்டேன். காப்பர் டி ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

3 வருடம் கழித்து வேறொரு டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னது: "நீங்க கையைத் தூக்குங்க, நான் அந்த இடத்துலயே நிறுத்திடுவேன். மறுபடி வேணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்." ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் இப்போது இது, இப்போது இது என்று சொன்னார். கிள்ளலும் பிடிப்பும் முன்பு இருந்த அளவுக்கே இருந்தன. நான் கையைத் தூக்கவே இல்லை. தூக்கலாம் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

நிலா, மேஜையில் ஏறுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேள்: "நான் சொன்னா நிறுத்துவீங்களா?" அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்.


கூழாங்கல் | செவ்வாய், இரவு 9.20

ஆத்தங்கரை எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். எனக்கு நடந்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

முதல் குழந்தைக்குப் பிறகு இன்னொன்று வேண்டும் என்று ஒன்றரை வருடம் காத்திருந்தோம். கோயில், விரதம், மாமியார் பேச்சு எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரும்பி, "காப்பர் டி போட்டிருக்கீங்களே, அப்புறம் எப்படிம்மா நிக்கும்?" என்றார். எனக்குப் போட்டதே தெரியாது. வீட்டுக்கு வந்து பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தேன். மூன்றாவது வரியில் பி.பி.ஐ.யு.சி.டி. என்று ஆறு எழுத்து. பிரசவத்தோடு வைக்கிற காப்பர் டி என்று அர்த்தமாம், அதை எனக்கு யார் சொன்னார்கள்? எடுத்த மூன்றாவது மாதமே நின்றது. இப்போது இரண்டாவது பெண்ணுக்கு 2 வயது.

நல்ல சாதனம்தான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டிருக்க வேண்டும்.


வெள்ளைப்புறா | செவ்வாய், இரவு 10.10

கூழாங்கல், இதே துறையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் சொல்வது நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

படிப்பவர்களுக்காக: நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள்ளோ, பிரசவம் ஆகி 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆபரேஷன் நடக்கும்போதேயோ காப்பர் டி போடலாம். அது தாண்டினால் 6 வாரம் பொறுக்க வேண்டும். முறையில் தவறில்லை. ஆனால் இதைக் கர்ப்பக்காலப் பரிசோதனையின்போதே பேசி, யோசிக்க நாள் கொடுத்து, சம்மதம் வாங்க வேண்டும். வலி வந்து துடிக்கும்போது நீட்டுகிற காகிதத்தில் போட்ட கையெழுத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரசவத்துக்குப் போகிறவர்கள் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் முன்கூட்டியே சொல்லி, கார்டில் எழுத வையுங்கள். கூட வரும் அம்மாவுக்கும் கணவருக்கும் சொல்லிவையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது "எனக்குள்ளே ஏதாவது வைத்தீர்களா?" என்று நேராகவே கேளுங்கள்.


பவானிக்கரை | புதன், காலை 5.30

நிலா கண்ணு, எனக்கு 71 வயது. ரிட்டயர் ஆன விலங்கியல் டீச்சர். நெஞ்சுக்கு ஏறும் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

என் அம்மா காலத்தில் இதற்குப் பெயர் லூப். அமெரிக்க டாக்டர் ஜாக் லிப்பஸ் செய்தது, 1965ல் நம் நாட்டில் அரசாங்கத் திட்டமாகவே வந்தது. வெறும் பிளாஸ்டிக், செம்பு கிடையாது, இரண்டு எஸ் எழுத்தைச் சேர்த்து வைத்தாற்போல நெளிநெளியாக இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் ஊர் பள்ளிக்கூடத்திலேயே முகாம் போட்டார்கள். சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். அம்மாவும் சித்தியும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். முகாம் மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. சித்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. யாரிடம் காட்டுவது? எங்கே போனது, என்ன ஆனது என்று சொல்ல ஆளில்லாதபோது ஊர் தானாக ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டது, நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று. உன் நாத்தனார் பொய் சொல்லவில்லை கண்ணு, அது அவர் பாட்டி பட்ட பயம்.

பிறகுதான் ஹோவர்ட் டாட்டம் டி வடிவத்தைக் கொண்டுவந்தார். சிலி நாட்டு டாக்டர் ஹைமே சிப்பர் செம்புக்குக் கருத்தடைக் குணம் இருப்பதைக் கண்டார். செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கும், கருத்தரிப்பே நடக்காது. நான் 1983ல் போட்டு, காலம் முடிந்ததும் எடுத்தேன். வகுப்பில் நின்றுகொண்டேதான் பாடம் நடத்தினேன்.


தென்னந்தோப்பு | புதன், இரவு 8.45

நான் ஆண், இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு அடுத்த மாதம் போடுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? நெருக்கமாக இருக்கும்போது நூல் குத்தும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதுவும் உண்மையா?


கொடிமுல்லை | புதன், இரவு 9.30

தாராளமாக எழுதுங்கள் அண்ணா. அன்று லீவு போட்டுக் கூடவே போங்கள். முடிந்ததும் வண்டியில் வைத்து உடனே ஓட்டாமல் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அன்றைய சமையல், குழந்தை, பாத்திரம் மூன்றும் உங்களுடையது. வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வையுங்கள். நூல் மெல்லிய பிளாஸ்டிக் இழைதான். முதல் சில வாரம் விறைப்பாக இருந்தால் தெரியலாம், போகப்போக இளகி மேலே சுருண்டுகொள்ளும். அப்படியும் உறுத்தினால் டாக்டர் சரிசெய்வார். அதற்காக எடுத்துவிடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


நிலாமுற்றம் | அடுத்த வியாழன், இரவு 9.00

போட்டாயிற்று!

காலையில் மூன்று இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு மாத்திரை. அம்மா கூட வந்தார். முறை வந்ததும் டாக்டரம்மாவிடம் ஆத்தங்கரை சொன்னதை அப்படியே கேட்டேன், "நான் சொன்னா நிறுத்துவீங்களா?" என்று. அவர் கையுறை போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, முன்னாடி யாராவது நிறுத்தாம விட்டாங்களா?" என்றார். எனக்கு இல்லை, ஓர் அக்காவுக்கு என்றேன். "நிறுத்துவேன்" என்றார். மரத்துப்போகும் மருந்தும் கேட்டேன், ஜெல் இருக்கிறது என்று தடவிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தார்.

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இறக்கையில் மட்டும் ஒட்டடை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளல் லேசாகத்தான் தெரிந்தது, நானாகவே இருமினேன். கம்பி அளந்தபோது நன்றாகவே வலித்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொப்புளுக்குக் கீழே யாரோ உள்ளிருந்து முடிச்சுப் போடுவது போல. கையைப் பாதி தூக்கிவிட்டேன். டாக்டரம்மா உண்மையிலேயே நிறுத்தினார். "ஏழரை சென்டிமீட்டர், அளந்தாச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. மூச்சை வாய் வழியா விடு" என்றார். நாலு மூச்சு விட்டேன். போடுங்கள் என்று நானே சொன்னேன். அடுத்த பிடி வந்தது, போனது, கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, முடிந்தது.

20 நிமிடம் படுத்திருந்துவிட்டு ஆட்டோவில் வந்தோம். சாயங்காலம் வரை பிடிப்பு விட்டு விட்டு வந்தது, வெந்நீர்ப் பை வைத்ததும் அடங்கியது. வேலைக்கு நாளை போகவில்லை, சனிக்கிழமை போகிறேன். எனக்குப் போட்டது 375 என்கிற வகை, 5 வருடம் வேலை செய்யும். 380 ஏ என்றால் 10 வருடமாம். கார்டில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.


வெள்ளைப்புறா | வியாழன், இரவு 10.25

மனசு நிறைந்துவிட்டது நிலா. கார்டைப் போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கவனிக்க வேண்டியது: முதல் 3 வாரத்தில்தான் தொற்று வரும் வாய்ப்பு சற்று அதிகம். காய்ச்சல், கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதல், மாத்திரைக்கும் அடங்காத வயிற்று வலி இருந்தால் உடனே போங்கள். தானாக வெளியே வந்துவிடுவதும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் நடக்கும். அதனால் தீட்டு முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் நூல் இருக்கிறதா என்று பாருங்கள். இழுத்துப் பார்க்க வேண்டாம். விரலில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாள் தள்ளிப்போனால் டெஸ்ட் செய்துவிடுங்கள். காப்பர் டி தவறுவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தவறினால் கரு, கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.


மஞ்சள்கொத்து | சனி, காலை 11.00

இதில் இன்னொரு வகையும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. எனக்கு ரத்தப்போக்கு எப்போதுமே அதிகம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுவேன். அதனால் காப்பர் டி வேண்டாம் என்று ஹார்மோன் உள்ள மிரெனா போட்டார்கள். போடும் விதம் கிட்டத்தட்ட இதேதான். முதல் 4 மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, சலித்துப்போனேன். இப்போது மாதத்துக்கு ஒரு நாள் பட்டால் பெரிது. விலை அதிகம், ஆயிரக்கணக்கில் ஆகும். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம். தீட்டு ஏற்கெனவே அதிகமாகப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.


நிலாமுற்றம் | 3 மாதம் கழித்து

சொன்னபடி திரும்ப எழுதுகிறேன். முதல் தீட்டு 8 நாள். இரண்டாம் நாள் கம்பெனியில் நிற்க முடியவில்லை, கட்டி கட்டியாகப் போனது. மூன்று தடவை பாத்ரூமுக்கு ஓடினேன், சூப்பர்வைசர் முகம் சுளித்தார். இரண்டாவது மாதமும் 7 நாள். படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். டீயோடு போடாதே, எலுமிச்சைச் சாறோடு போடு என்றார்கள். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். ரத்தப்போக்கு அதிகமுள்ள நாளில் மெஃபனாமிக் அமிலம் போட்டபோது வலியோடு போக்கும் குறைந்தது. இந்த மாதம் 5 நாள்தான்.

இடையில் ஒரு நாள் நூல் கைக்கே கிடைக்கவில்லை. பாத்ரூமிலேயே உட்கார்ந்து அழுதேன். ஸ்கேனில் பார்த்தால் அதன் இடத்தில் சரியாக இருந்தது, நூல் மட்டும் மேலே சுருண்டிருந்தது. ஸ்கேன் பார்த்தவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்புக்கு நடுவில் சின்ன வெள்ளைக் கோடு.

நாத்தனாருக்கும் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா இது?" என்றார்.


கூழாங்கல் | மறுநாள்

நிலா, நன்றாக இரு. வெள்ளைப்புறா அக்கா, ஒரு சந்தேகம். இந்தத் தடவை நானே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நான் தீட்டு நாளில் உள்ளே வைக்கிற மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துகிறேன், அதை விட்டுவிட வேண்டுமா?


வெள்ளைப்புறா | மறுநாள், இரவு

டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், நூலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டச் சொல்லலாம். முதல் சில மாதம் நாப்கின் வைத்துக்கொண்டால் நல்லது. அப்புறம் கப் எடுக்கும்போது நேராக இழுக்காதீர்கள். அடிப்பக்கத்தைக் கிள்ளி, காற்றை உள்ளே விட்டு, பிடிப்பு விட்ட பிறகு எடுங்கள். இல்லையென்றால் நூலோடு காப்பர் டியும் இழுபட்டு வந்துவிடலாம். எந்த நாள் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அன்று காலை போனை எடுத்து வைத்திருக்கிறேன்.